கணக்குப் பாடம் காலை ஏழரைக்கு

பள்ளிக்கூட வொச்சருக்கு முதல் அநியாயம் செய்கிறவர் அவனை மணியடிக்கச் சொல்கிறவர்தான். எனக்கு அவர் எங்கள் தலைமை ஆசிரியர், அதிபர் சிவபாதம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆரம்பப் பாடசாலையில் பத்தொன்பது வருடம் காவல்காரனாகக் கேட் திறந்து மூடினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. என்னைப் போல கேட்டும் மணியும் விளக்குமாறுமாகக் காலம் தள்ளியவர்கள் இதை வாசித்தால் தங்கள் அதிபரின் முகம் ஞாபகம் வரும். மன்னித்துவிடு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

பூட்டச் சொன்ன கேட்

ஏழரைக்கு மணி அடித்ததும் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பது அதிபர் போட்ட சட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துப் பிள்ளைகள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். சோம்பல் இல்லை. தாய்மார் வேலைக்குப் பெயர் கொடுக்க ஏழு மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தை ஆயா ஏழரைக்குத்தான் திறப்பார். இடையில் இருக்கிற அரை மணி நேரம் தம்பி தங்கச்சியை யார் இடுப்பில் வைத்திருப்பது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மேட்டில் ஏறி ஓடி வரும்.

நான் ஒரு நாளும் பூட்டவில்லை. கொண்டியைச் சும்மா மாட்டி வைப்பேன். ஒரு நாள் தர்ஷினி என்ற பிள்ளை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மூச்சு வாங்க வந்து நின்று, பெருமையாகச் சொன்னாள்: "வொச்சர் தாத்தா, இன்னிக்கு தம்பி அழுவல. அதான் வெள்ளனவே வந்துட்டேன்."

திட்டம் போட்ட கூட்டம்

வருடத் தொடக்கத்தில் ஆசிரியர்கள் கூடி அந்த வருடத்துக்கான திட்டம் போடுவார்கள். எந்தப் பாடம் எந்த நேரம், எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி என்று பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதுவார்கள். அந்த அறையில் தேத்தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முதல் பாடம் கணக்கு, காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்றார் அதிபர். பிறகு, மூன்றாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகள் என்று பதினொரு பெயரை வாசித்தார்கள். பதினொன்றும் கீழ் லயம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அதுகளுக்குக் கணக்கு வராம இல்ல. அதுக வர்றப்ப கணக்கு முடிஞ்சிருது. இடைவேளைக்குப் பொறகு வச்சா என்ன?" என்றேன். அந்த வருடம்தான் மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்த ரிஸானா டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அதிபர் கேட்டார்: "நீங்க எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சீங்க?" அஞ்சு என்றேன். "அப்ப தேத்தண்ணிய ஊத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரிஸானா டீச்சரும் சிரித்தார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார், ஆகவே அவரை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சத்தமாகச் சிரித்த இன்னொருவர் இப்போது பென்ஷனில் இருக்கிறார். பதுளை பஸ்ஸில் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவர் ஒரு தடவை பக்கத்து ஆளிடம் கேட்டாராம்: "இந்த மனுசன் இன்னுமா அதை நெனச்சிக்கிட்டிருக்கு?"

பதினொரு காலி நாற்காலி

அந்தப் பதினொரு பேருக்கும் கணக்கைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கப் பரிகார வகுப்பு வைக்கத் தீர்மானமானது. எத்தனை மணிக்குத் தெரியுமா? காலை ஏழுக்கு. ஏழரைக்கே வர முடியாத பிள்ளைகளை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். படித்தவர்கள் ஏழு பேர் சேர்ந்து போட்ட திட்டம் இது.

ரிஸானா டீச்சர் பதுளை டவுனிலிருந்து ஆறு மணி பஸ் பிடித்து வந்து, பதினொரு சின்ன நாற்காலியைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்: "ஐயா, புள்ளைகளுக்குப் பதிலா நீங்களாவது வந்து இருங்க, ஏழாம் வாய்ப்பாடாவது சொல்லித் தாறேன்."

நான் வாய்ப்பாட்டுக்கு உட்காரவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அவரைக் கீழ் லயத்துக்குக் கூட்டிப் போனேன். பூட்டிய பிள்ளைமடுவத்துப் படியில் அவருடைய வகுப்பு வரிசையாக உட்கார்ந்திருந்தது, ஆளுக்கொரு குழந்தையுடன். டீச்சரைக் கண்டதும் எல்லாம் குழந்தையோடு எழுந்து நின்று, "குட் மோர்னிங் டீச்சர்" என்றன.

எழுத்தில் தாருங்கள்

அதற்குப் பிறகு அவர் தன் வகுப்பில் முதல் பாடத்துக்குப் பாட்டும் கதையும் வைத்தார். இடைவேளைக்குப் பிறகு கணக்கு. அதிபருக்கு இது தெரிந்ததும் கோபம் என் மேல் பாய்ந்தது. இனி கேட்டைப் பூட்டாவிட்டால் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

"பூட்டுறேன் சேர். 'இந்தப் பதினொரு பிள்ளையையும் ரோட்டுல நிக்க வைக்கச் சொன்னது நான்தான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கேட்டுலயே ஒட்டிடுறேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் சொன்னார்: "அஞ்சாம் வகுப்பு படிச்சவன் நம்மகிட்ட எழுத்துல கேக்குறான் பாருங்க."

மேடம் கேட்ட கேள்வி

வருடக் கடைசியில் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு மேடம் வந்து மூன்றாம் வகுப்பைச் சோதித்தார். பதினொரு பேரில் ஒன்பது பேர் கரும்பலகையில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகச் செய்தார்கள். மற்ற இரண்டும் பயத்தில் அழுதுவிட்டன, பிறகு செய்தன. கணக்கை நேரம் மாற்றி வைத்தது யாருடைய யோசனை என்று மேடம் கேட்டார். "நாங்க எல்லாரும் சேர்ந்து திட்டமிட்டது, மேடம்" என்றார் அதிபர். டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அதிபர் மேடத்தை வெளியே அழைத்துப் போகப் பார்த்தார்.

மேடம் நகரவில்லை. முன் வரிசையில் இருந்த தர்ஷினியிடம், போன வருடம் வராத கணக்கு இப்போது எப்படி வந்தது என்று கேட்டார். பிள்ளை எழுந்து நின்று சொன்னாள்: "இப்பதான் மேடம், நாங்க வந்த பொறகு கணக்குத் தொடங்குது."

அந்தத் திட்டத்தைக் காட்டி அதிபர் பெரிய பாடசாலைக்குப் பதவி உயர்ந்து போய்விட்டார்; பதினொரு பிள்ளைகளுக்கும் கணக்கு வந்துவிட்டது, 'வொச்சர் சொன்னது சரி' என்கிற மூன்று சொல் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.