வாக்காளர் பட்டியலில் அக்காவுக்கு நான் கொடுத்த பெயர்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த ஆராதனைக்கு வந்து, இச்சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அக்காவிடம் படித்தவர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். அக்காவின் நற்குணங்களை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அதையே எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். எண்பது வயது தாண்டியும் தப்பிக்கிற புத்தி போகவில்லை.

உதியன்குளங்கரைக்குக் கிழக்கே எங்கள் பழைய வீட்டில், ஞானாபரணம் உபதேசியாரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார்கள். என்னைப் பெற்ற சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, செங்கல் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானார்கள். பயிற்சிச் சான்றிதழிலும் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அப்பா பெயரோடுதான் அக்காவின் பெயர் இருந்தது.

விளவங்கோட்டுப் பக்கம் தாசையன் என்பவருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். சபைப் பதிவேட்டில் அக்கா பெயர் தாசையன் மனைவி என்று மாறியது. அத்தான் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து, அங்கே அவருக்கு வேறு மனைவியும் குழந்தையும் உண்டு என்று தெரிய வந்தது. அப்பா அந்தக் கவலையிலேயே படுத்து இறந்தார்கள். அக்கா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. கோர்ட்டுக்குப் போய் மண முறிவு வாங்கினார்கள். தவணைதோறும் துணைக்குப் போனவன் நான். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பங்களில் அந்நாளில் அடித்தாலும் உதைத்தாலும் கணவனோடு கிடப்பதுதான் மரியாதை. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வந்த பெண் என்றால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். ஆகவே, அத்தான் எஸ்டேட்டில் நல்ல வேலையில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வருவார் என்று நான் ஊரில் சொல்லி வைத்தேன். இரண்டு கிறிஸ்துமஸ் இப்படிப் போயிற்று.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த நாட்கள் அவை. எங்கள் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கைது. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டினார்கள். நானும் தமிழ்க் கட்சிக்காரன்தான், ஆனால் என் தமிழ் மேடைக்குக் கீழே நின்று கைதட்டுகிற தமிழ்.

வாக்காளர் பட்டியல் எழுத ஆள் வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. நான்தான் விவரம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படி, "தாசையன் பாரியைன்னு எழுதுங்க" என்றேன். அக்காவிடம் பிறகும் சொல்லவில்லை.

தேர்தல் வந்தது. எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள், தடை உண்டென்றால் அதற்குள் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. வாக்குச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக நான் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். என் மாமனாராகப் போகிறவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வந்து பெயரைச் சொன்னதும், எதிர்க்கட்சி ஏஜெண்டாக இருந்த மலையாளப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுந்தார். "ஸ்கூலில் ஞானாபரணம் மகள், இவிடெ தாசையன் பார்யா. ஏதாணு சரி?" என்று, இரண்டில் எது சரியென அதிகாரியிடம் கேட்டார். அக்கா பட்டியலை எட்டிப் பார்த்தார்கள். பட்டியலில் உள்ளதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அக்காவுக்கு அது வராது.

"பள்ளிக்கூடத்தில உள்ளதுதான் சரி சார். கோர்ட்டுத் தீர்ப்பு ஆச்சு. நான் இப்போ அவருக்குப் பாரியை இல்ல."

வரிசை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. மாமனார் என்னைப் பார்த்தார். "அப்போ இந்தப் பேரு யாரு கொடுத்தது?" என்று அதிகாரி கேட்டார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என்னைத்தான் பார்த்தார்கள்.

"அக்காதான் சொன்னாங்க சார்" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? "கோர்ட்டு காரியம் எங்களுக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடா. எங்க கிட்டயும் மறைச்சாச்சு" என்றேன்.

அக்கா என்மேலிருந்து கண்ணை எடுத்தார்கள். பிறகு அதிகாரியைப் பார்த்து, "ஆமா சார், நான்தான் சொன்னேன்" என்றார்கள்.

பட்டியலில் பொய் விவரம் கொடுத்ததால் ஓட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் படித்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா விறகு ஒடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இழுத்தேன். சொல்கிற எண்ணம் இல்லாதவன் இழுக்கிற இழுப்பு அது.

"சொன்னது சொன்னதாக்கும். இனி மாத்தப் போவாத மக்கா. ஓலை இன்னும் ஒண்ணு உண்டு" என்றார்கள்.

மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். அக்கா ஏமாற்றிய அப்பாவித் தம்பி என்று மாமனார் என்மேல் இரக்கப்பட்டே பெண் கொடுத்தார். பள்ளிக்கூட மேனேஜர் விளக்கம் கேட்டபோது, பிசகு தன்னுடையது என்று அக்கா எழுதிக் கொடுத்தார்கள். 'கள்ளவோட்டு டீச்சர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதைவிடக் கொடுமை, தமிழ்க் கட்சிக்காரர்களே அக்காவைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்காவால் கட்சிக்குக் கெட்ட பெயர் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கு நானும் தலையாட்டினேன். கடைசியில் எல்லை எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது, நாங்கள் மலையாளப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். ஒரு ஓட்டால் எல்லை மாறியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அது அக்காவின் ஓட்டு அல்லவா.

அடுத்த பட்டியல் எழுத வந்தபோது அக்காவே வாசலில் நின்று அப்பா பெயரைச் சொன்னார்கள். ரேஷன் கார்டில் மட்டும் தாசையன் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெறும் சமயத்தில், இரண்டு பெயரும் ஒருவரே என்று நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அக்கா என்னிடம் வந்தார்கள். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "இப்போ எதுக்குக்கா பழைய கதை" என்றேன். அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில், உடன் வேலை பார்த்த ஒரு டீச்சரின் கையெழுத்தை ஆபீஸில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த என் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்கக் கடை கடையாக அலைந்ததும் இதே அக்காதான்.

கடைசி மூன்று மாதம் அக்கா எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார்கள். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது, "அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"என்னட்ட சொல்லி என்ன பிரயோசனம் மக்கா? நான் அறிவேனே. அறியாதவங்கள்ட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்கள். நான் கஞ்சியை ஊட்டினேன்.

நெய்யாற்றின்கரையில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், உடம்பு துடைத்துப் பணிவிடை செய்த என் இளைய மகளுக்கும், ஜெபிக்க வந்த சபையாருக்கும், மழையில் குழி வெட்டிக் கொடுத்த வாலிபர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாரையும்விட என் மனைவிக்கு. அவளும் இதை உங்களோடுதான் முதல் தடவையாக வாசிக்கிறாள். அவள் தகப்பனாரை நான் ஏமாற்றினேன்.

அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அறிய வேண்டும். அந்தப் பெயரை எழுதச் சொன்னவன் நான். எனக்குத் தெரிந்து அக்கா தம் வாழ்நாளில் சொன்ன பொய் ஒன்றுதான். "நான்தான் சொன்னேன்" என்பது அது.