பட்டியலின் முதல் வரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் அது தயாராகியிருக்காது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைப்பேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

என் கணவர் கோயிலில் குருக்கள். வெளியூர்க்காரர்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதாமாதம் அவரவர் நட்சத்திரத்தன்று இவர் அர்ச்சனை செய்வார். விபூதி குங்குமத்தை நான் தபாலில் அனுப்புவேன். கம்ப்யூட்டரில் இருக்கும் அந்தப் பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு. யாராவது இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால் அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவேன். ஆயுள் வேண்டிச் செய்கிற அர்ச்சனையில் இறந்தவர் பெயர் வரக் கூடாது. டெலீட்டை அழுத்தினால் அதற்கும் வட்டம் சுற்றும்; அது முடிவதற்குள் அந்த மனிதரைப் பற்றி நினைத்து, பாவம் என்று சொல்லி, கண்ணையும் துடைத்துக்கொண்டுவிடலாம்.

பட்டியலைப் போட்டுக் கொடுத்தவன் என் மகன். காலேஜில் படித்தபோது, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் வரியில் தன் பெயரையே அடித்தான். "எனக்கும் ஒரு அர்ச்சனை நடக்கட்டும்மா, பரீட்சை வருது" என்றான்.

அவன் பைக் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெயரை நான் எடுக்கவில்லை. அவனுடைய சதய நட்சத்திரத்தன்று பெயர்ச் சீட்டை அச்சடித்து, பார்க்காமலே மடித்து இவர் கையில் கொடுப்பேன். ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் கறாராக இருந்தவள் என் பிள்ளை விஷயத்தில் கள்ளத்தனம் செய்தேன். இவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் கம்ப்யூட்டர் பாதியில் நின்று நின்று போகவே, மகள் புது லேப்டாப் வாங்கி வந்தாள். பட்டியலை அதற்கு மாற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அண்ணன் பேரு இன்னும் இருக்கு."

கூடத்தில் வேஷ்டி மடித்துக்கொண்டிருந்த இவர்தான் பதில் சொன்னார்.

"தெரியும். மாசாமாசம் சீட்டுல வருது. நானும் படிச்சிட்டுதான் இருந்தேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே தப்பைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"போதும், எடுத்துடு. போனவனை நாம பிடிச்சு இழுத்துட்டே இருக்கக் கூடாது."

மகள் கையை நீட்டினாள். "நீ விடு, நான் பண்றேன்" என்றேன்.

அந்த வட்டம் சுற்றும், அதற்குள் ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். புதுசில் வட்டமெல்லாம் வரவில்லை. நான் விரலை எடுப்பதற்குள், இரண்டாவது வரியில் இருந்த யாரோ ஒருவர் முதல் வரிக்கு வந்துவிட்டார்.