உதட்டை அசைத்த சாட்சி

எழுபதுகளின் கடைசி. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஒருத்தருக்குக் கையில் அரிவாள் வெட்டு. வெட்டினது என் தம்பி என்று கேஸ். வெட்டு விழுந்த நேரத்தில் அவன் ஏலாக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து கீற்று வேய்ந்துகொண்டிருந்தான். கீழே நின்று கீற்றை எடுத்துக் கொடுத்தவள் நான். அதைச் சொல்லத்தான் அரியலூர் கோர்ட்டில் கூண்டு ஏறினேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டு, வாய் தவறி ஒரு சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று பயம். ஒவ்வொரு கேள்விக்கும், "மாதாவே, என் நாக்கைக் காத்துக்கொள்ளும்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, அப்புறம்தான் பதில் சொன்னேன்.

சர்க்கார் வக்கீல் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, மனப்பாடம் பண்ணிட்டு வந்தியா?"

கோர்ட்டே சிரித்தது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் என்று எங்கள் வக்கீல் எச்சரித்திருந்தார். "இல்லைங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

தம்பிக்கு அஞ்சு வருஷம். தீர்ப்பை வக்கீல் படித்துச் சொன்னார். பதிலுக்கு முன்னால் இந்தச் சாட்சி உதட்டை அசைத்தாராம், சொல்லிக்கொடுத்ததை ஞாபகப்படுத்திக்கொண்டாராம், நம்ப முடியாதாம். செபம் பொய்க்கு அடையாளமா? கடவுள் பேரைச் சொல்லச் சொன்னதே அவர்கள்தானே!

திருச்சியில் அப்பீல். அங்கே என்னைக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை. அரியலூரில் நாங்கள் சொன்னதை டைப் அடித்த காகிதக் கட்டைத்தான் புரட்டினார்கள்.

"ஐயா, அந்தம்மா செபம் சொல்லிட்டு இருந்தாங்க" என்றார் எங்கள் வக்கீல்.

"அது சாட்சியத்துல எங்க இருக்கு?" என்றார் ஜட்ஜ். "நேர்ல பார்த்த ஜட்ஜே இவங்களை நம்பலை. பார்க்காத நான் எப்படி நம்பறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "ஐயா, நான் இங்கதாங்க நிக்கிறேன். இப்பப் பாருங்களேன்!"

கோர்ட் டவாலிச் சேவகர் ஓடி வந்தார். "உக்காரும்மா! தம்பி பக்கத்துலயே உனக்கும் எடம் போடணுமா?"

ஜட்ஜ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி காகிதக் கட்டுக்குள் குனிந்துகொண்டார். அப்பீல் தள்ளுபடி.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூடக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். ஒரு மனுஷனை அஞ்சு வருஷம் அடைக்கிறவர்களுக்கு, பத்தடியில் நிற்கிற சாட்சியை நாலு கேள்வி கேட்க முடியாதா? கர்த்தர் கேட்கமாட்டாரா இதை?

அடுத்த வாரம் ஜெயிலுக்குப் போனேன். தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"பொய்ச்சாட்சி சொன்னவனுங்க எல்லாம் டக்குடக்குன்னு சொல்லிட்டுப் போனானுங்க. உனக்கென்னக்கா வந்துச்சு?" என்றான்.

அறையலாம் போல வந்தது. நடுவில் கம்பி. அதுவும், அவனையா அறைய வேண்டும்?