வலது காது தெரியும் படம்

போன வாரம் மகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தேன். இப்போது இதற்குக் கடை தேட வேண்டியதில்லை; வெள்ளைச் சுவரும் போனும் போதும். பழக்கதோஷத்தில், "வலது காது தெரியட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். "அப்பா, நோபடி நீட்ஸ் மை இயர்" என்றாள்.

ஒரு காலத்தில் தேவைப்பட்டது. அமெரிக்க கிரீன் கார்டுப் படத்தில் முகம் சற்றுத் திரும்பி, வலது காது முழுசாகத் தெரிய வேண்டும். நாங்கள் இருந்த வெஸ்ட் வின்ட்சர் ஊரில் எங்கள் தமிழ்க் கூட்டத்தின் காதுகளையெல்லாம் படம் எடுத்தவர், போட்டோக் கடை வைத்திருந்த எதேரி ஆன்ட்டி. ஜார்ஜியாக்காரர். நான் பெரிய அறிவாளி போல, அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலம் என்று நினைத்து, அதன் தலைநகர் அட்லாண்டாவில் வெயில் எப்படி என்று விசாரித்தேன். அவர் பனிமலைகளைப் பற்றிச் சொன்னபிறகுதான் இது ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் வேறு ஜார்ஜியா என்று உறைத்தது.

கடைக்குள் நுழைந்தாலே வெந்தய வாசனை வரும். வால்நட், பூண்டு, வெந்தயம் அரைத்துத் தடவிய கத்திரிக்காய், அவருடைய மதியச் சாப்பாடு. கல்யாணமாகாமல் ஃப்ரோஸன் பீட்ஸாவில் உயிர் வாழ்ந்த நான், படம் தேவைப்படாத நாட்களிலும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன். எங்கள் பெண்களிடமிருந்து அவர் கற்றது ஒரே ஒரு தமிழ்ச் சொல். அவர்கள் கூந்தலை ஒதுக்கிவிட்டு, "காது, ப்ளீஸ்" என்பார்.

அவருடைய மலையூரில் கேமராவைத் தொட்ட முதல் பெண் அவர்தானாம். ஆரம்பத்தில் ஆண்கள் அவர் முன்னால் உட்கார மறுத்தார்கள். பிறகு அவர் வராமல் அங்கே கல்யாணமே நடக்கவில்லை. போர் வந்து ஊரைவிட்டு ஓடியபோது நெகட்டிவ்கள் வீட்டோடு போய்விட்டன. பாஸ்போர்ட்டில் இருந்த மங்கலான முகத்தைத் தவிர அவருக்கென்று ஒரு படம்கூட இல்லை. ஊரில் கேமரா அவர் கையில்தானே இருந்தது.

அவருக்கும் கிரீன் கார்டு முறை வந்தது. வேறு கடைக்குப் போகமாட்டேன் என்று கேமராவை என்னிடம் கொடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "காது ஓகே?" என்றார்.

"ஓகே ஆன்ட்டி."

இமிக்ரேஷன் ஆபீசுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதில் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். கார்டு வந்தது. அதை அதிக நாள் வைத்திருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சர்ச்சில் இறுதிச் சடங்குக்கு வைக்க அம்மா படம் கிடைக்குமா என்று அவர் மகன் போனில் கேட்டபோது, என்னிடம் இருந்ததைப் பெரிதாக்கி எடுத்துப் போனேன். பூக்களுக்கு நடுவே எங்களைப் பார்க்காமல் சற்றுத் திரும்பியிருந்தார். அழுகை வந்துவிட்டது.

அந்தக் காது விதி போய்விட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது நகம் அழகுபடுத்துகிறார்கள். ஓர் ஊரையே படம் பிடித்தவருக்கு மிஞ்சியது, முகம் தெரியாத ஆபீசருக்காகக் காதைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு படம்தான்.