தவக்காலத்தில் ரெக்கோடரோடு வங்காலைக்கு

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போனேன். அந்த ஊரின் பேர்போன கழுதைகளையோ கோட்டையையோ பார்க்க அல்ல. ரெக்கோடர் வாசித்தும் படிப்பித்துமே பிழைக்கலாமா என்று பார்க்க. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கீச்சிடும் அதே குழல்தான். என்னுடையது மரத்தில் செய்தது. வவுனியா மாணவர்களை நம்பினால் அரை வயிறுதான் நிறையும். ஒரு தனியார் நிறுவனம் முழுநேர வேலைக்கு அழைத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மன்னாருக்குப் பக்கத்துக் கடலோர ஊரான வங்காலையில் ஒரு வகுப்பு அமைந்தால் அந்த வேலையை மறுத்துவிடலாம்.

காலை பஸ் எண்பது கிலோமீற்றர் சொச்சத்தை இரண்டரை மணித்தியாலத்தில் கடந்தது. மன்னார் நகரிலிருந்து வங்காலைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு. ஓட்டோவுக்கு ஆயிரம் ரூபாய். பையில் என்ன என்று சாரதி விசாரித்தார். சொன்னேன். "இண்டைக்கோ வாசிக்கப் போறியள்?" என்றார். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. கலை மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கருவாட்டு வியாபாரம் செய்யும் ஜெசிந்தா அக்காவின் மகள் என்னிடம் போன் வழியாகப் படிக்கிறாள். அக்கா தன் வீட்டில் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தார். பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். அரை மணித்தியாலம் வாசித்து எல்லோரையும் மயக்கிவிட்டு வகுப்புக்குப் பெயர் எழுதுவது என் திட்டம். குழலைப் பொருத்தத் தொடங்கியதும் அக்கா குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், இது தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்கட ஊரில மேளம், குழல் ஒண்டும் கேக்காது. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சனான்."

எனக்குத் தெரியாது. போனில் திகதியைப் பேசினேனே தவிர, அது கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் என்று யோசிக்கவில்லை.

"ஊதாமல் படிப்பிக்கேலாதோ?" என்று அவரே கேட்டார்.

ஊதாமல் படிப்பித்தேன். துளைகளில் விரல் வைக்கவும், மூச்சை உள்ளங்கையில் படும்படி மெல்ல விடவும். விரல் எட்டாத ஒரு சின்னப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். பக்கத்தில் இருந்து, இப்போதைக்கு மூன்று துளை போதும் என்று காட்டினேன். சத்தமே இல்லாத இசை வகுப்பு. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

முடிந்ததும், ஈஸ்டருக்குப் பிறகு வந்து வாசிக்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னேன். அந்தச் சின்னப் பெண்ணின் தகப்பன், கடல் தொழில் செய்பவர், தலையாட்டி மறுத்தார்.

"வாசிப்பை எப்பவும் கேக்கலாம் டீச்சர். பிள்ளையளோட நீங்கள் என்னெண்டு இருக்கிறியள் எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள். பாத்திட்டம்."

ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சந்தோஷம்தான், ஆனால் கொஞ்சம் உறைத்தது. விளம்பரங்களில் "வாத்தியக் கலைஞர்" என்று பெரிதாகப் போட்டு, ஆசிரியர் என்பதைக் கீழே சின்ன எழுத்தில் ஒளித்து வைப்பவள் நான்.

இந்தக் கரையோர ஊர்களுக்கு நிகழ்ச்சி செய்யப் போகிறவர்கள் முதலில் கோயில் கலண்டரைப் பாருங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பும் பஸ்ஸை இறங்கும்போதே விசாரித்து வையுங்கள்.

திங்கட்கிழமை நிறுவனத்துக்குப் போன் எடுத்து, வேலைக்கு வரவில்லை என்றேன். வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். ரெக்கோடர் டீச்சர் என்றேன். முன்னும் பின்னும் வேறொன்றும் சேர்க்கவில்லை.