குளிர்பதனப் பெட்டியின் மாணவர்

"வெங்காயம் பொன்னா வரணும், கருக விடக் கூடாதுன்னு சொல்லு."

வீரம்மா இதைக் குளிர்பதனப் பெட்டியிடம் சொல்கிறார். பெட்டி "ம்ம்" என்று உறுமுகிறது. நான்கடி தள்ளி அடுப்பருகே நிற்கும் மருமகன் சபாபதி, பெட்டியே நேரில் பணித்ததுபோலத் தீயைக் குறைக்கிறார். மலேசியாவின் கிள்ளானில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் ஒரு வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் நடைபெறும் வகுப்பு இது. ஆசிரியை எண்பதை எட்டிப் பிடிக்க இருப்பவர். மாணவர் ஓய்வூதியம் வாங்குபவர். இருவருக்கும் இடையே தூது போவது இரண்டு கதவுகள் கொண்ட ஒரு மின்சாதனம். அந்த வீட்டில் குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரே உறுப்பினர் அதுதான் என்பதால், தேர்வு பிழையென்று சொல்வதற்கில்லை.

மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசலாகாது, அவர் எதிரே உட்காரலாகாது, அவர் காண உண்ணலாகாது என்பன வீரம்மா இளமையில் கற்ற பாடங்கள். அவற்றைக் கற்பித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் விடாமல் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். சபாபதி கூடத்துக்குள் நுழைந்தால், மூட்டுகள் இரண்டும் ஓலமிட எழுந்து, சுவரோடு சுவராக நகர்ந்து, திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தொலைக்காட்சித் தொடரை அங்கிருந்தபடி காதால் மட்டும் பார்ப்பார். சபாபதியும் மரியாதை தெரிந்தவர். தம்மால் இயன்றதைச் செய்கிறார். ஒலியைக் கூட்டி வைக்கிறார். ஒரே கூரையின்கீழ் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை என்பது அக்குடும்பத்தின் பெருமைகளுள் ஒன்று.

இந்த ஒழுங்கைக் குலைத்தது குளியலறைத் தரை. வீரம்மாவின் மகளும் சபாபதியின் மனைவியுமான குமுதா, தன் மகள் தாமரையின் தலைப்பிரசவத்துக்காக மெல்பர்னுக்குப் போனாள். போன மறுவாரமே வீரம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கடைச் சோறு அவர் தொண்டையில் இறங்காது. "எவ எந்தக் கையால கிண்டுனாளோ" என்பது கிள்ளானின் அனைத்து உணவகங்களைப் பற்றியும் அவர் வழங்கியிருக்கும் மதிப்பீடு. எஞ்சியிருந்தவர் சபாபதி. துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை என்பது பிறர் செய்வதைப் பார்ப்பது. சமையலிலும் அவர் அதுவரை அதே பதவியைத்தான் வகித்துவந்தார்.

முதலில் பாடங்கள் மெல்பர்ன் வழியாக நடந்தன. வீரம்மா கைப்பேசியைப் பார்த்து, "கடுகு வெடிச்சிருச்சு, கருவேப்பிலையப் போடச் சொல்லு அவங்கள" என்பார். குமுதா அங்கிருந்து, "என்னங்க, அம்மா கருவேப்பிலை போடச் சொல்றாங்க" என்பாள். நான்கடி தூரத்தைக் கடக்க அந்தச் சொல் கடல் தாண்டிப் போய் வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் கடுகு கரியாகியிருக்கும்.

"ஏம்மா, அவரு உன் பக்கத்துலதானே நிக்கிறாரு! நேராச் சொன்னா வாயி தேஞ்சா போயிரும்?" என்று ஒரு நாள் குமுதா வெடித்தாள்.

"நல்லாருக்குடி நீ பேசுறது. மாப்பிள்ளைகிட்ட மாமியா வாயாடுறதா? நாலு பேரு கேட்டா காறித் துப்புவாங்க."

"எந்த நாலு பேரும்மா? வீட்டுல மொத்தமே நீங்க ரெண்டு பேருதான் லா!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. பெட்டிக்கு அன்றே பதவி உயர்வு கிடைத்தது.

புதிய முறையில் சபாபதி விரைவாகத் தேறினார். முதுகுக்குப் பின்னால் எந்தக் குரல் கேட்டாலும் கைகள் தாமாகவே கீழ்ப்படியும் நிலையை எட்டினார். அந்தத் தேர்ச்சியே ஒரு நாள் வினையாயிற்று. ரசம் நுரைகூட்டத் தொடங்கிய நேரம்.

"போதும்பா, நிறுத்திக்க."

சபாபதி சிலிர்த்துப் போனார். மாமியார் முதன்முறையாகத் தம்மிடம் நேரடியாகப் பேசியிருக்கிறார்! அதுவும் பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல ஒருமையில்! "சரிங்க" என்று உரக்கச் சொல்லி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். வீரம்மா நாட்காட்டியில் இருந்த பத்துமலை முருகனின் முன்னால், மாவுக்கட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். நிறுத்தச் சொன்னது வலியை. ஆறுமுகன் ஆறு முகங்களிலும் மௌனம் காக்க, மருமகன் முந்திக்கொண்டு பதில் அளித்துவிட்டார். அந்த வெட்கத்தில் வீரம்மா மறுநாள் முழுதும் சமையலறைப் பக்கமே வரவில்லை. பச்சை வாடை போகாத ரசத்தைச் சபாபதி தனியாகக் குடித்துத் தீர்த்தார்.

சமைத்து முடித்ததும் சபாபதி வாசலுக்குப் போய்க் கார் கழுவுவார். அவர் வீட்டுக்குள் இருக்கும்வரை வீரம்மா தட்டை எடுக்கமாட்டார் என்பதே காரணம். அந்தப் பழைய கார், வாங்கிய நாளிலும் அப்படிப் பளபளத்ததில்லை.

"என்னண்ணே, தெனம் தெனம் கழுவுறீங்க? கார விக்கப் போறீங்களா, இல்ல அதுக்கும் கல்யாணம் பேசியாச்சா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு இராஜம்மா விசாரிப்பாள். சபாபதி சிரித்து வைப்பார். ஒழுக்கத்தைக் காக்கவே இத்தனை தண்ணீர் செலவாகிறது என்று எப்படிச் சொல்வது?

தண்ணீர் செலவான அளவுக்குச் சோறு செலவாகவில்லை. உள்ளே திரும்பி மூடியைத் திறந்தால், சட்டியில் பெயருக்கு ஒரு குழி விழுந்திருக்கும். காலியானது பிஸ்கட் டின் மட்டுமே. "பசியில்லைன்னு சொல்லு" என்று பெட்டிக்குத் தகவல் போகும். அந்த வாரம் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையும் எடையும் பார்த்த மருத்துவர், "பாட்டி, சாப்பிடாம இனிப்பு நீருக்கு மருந்து போட்டா மயக்கம் போட்டு விழுந்துருவீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. இன்னும் இறங்கியிருந்தா வார்டுதான்" என்றார்.

செய்தி மெல்பர்னை எட்டியது. "வெள்ளிக்கிழமை எடை ஏறலன்னா, நான் டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்துருவேங்க" என்றாள் குமுதா. அவள் பின்னால், "அம்மா, வலி எப்ப வேணாலும் வரும்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று தாமரை அழும் குரல் கேட்டது. மகளின் தலைப்பிரசவத்தில் தாய் உடன் இருப்பதும் இல்லாததும் இனித் தம் குழம்பின் கையில் என்று சபாபதிக்குப் புரிந்தது. தம் குழம்பின் தகுதி அவருக்குத் தெரியும். அன்றிரவு அவருக்கும் பசிக்கவில்லை.

மறுநாள் பாசாரில் தெங்கிரி மீனும் கிளிமூக்கு மாங்காயும் வாங்கிவந்தார். மாங்காய் போட்ட மீன் குழம்பு என்றால் வீரம்மா இன்னொரு கரண்டிச் சோறு போட்டுக்கொள்வார் என்பது குமுதா சொல்லிக் கேட்ட செய்தி. வகுப்பு நெடுநேரம் நடந்தது.

"புளி பச்ச வாசம் போகட்டும்னு சொல்லு. மீனப் போட்டப்புறம் கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது, சட்டியத்தான் சுத்தணும்னு சொல்லு. சிமிண்டா கலக்குறாங்க?"

கடைசி வாக்கியம் பெட்டிக்கு உரியதா, தமக்கு உரியதா என்று சபாபதி ஆராயவில்லை. சட்டியைச் சுற்றினார். எண்ணெய் மேலே மிதந்து வந்தது. மூடி வைத்துவிட்டு வாளியோடு வாசலுக்குப் போனார்.

கழுவத் தொடங்கியதும் கிள்ளான் வானம் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. கொட்டுகிற மழையில் நின்று கார் கழுவுபவரைப் பார்த்து இராஜம்மா, "அண்ணே! உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்று கூவினாள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத சபாபதி, தலையைத் துவட்ட உள்ளே ஓடினார். ஓடிய வேகத்தில் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

வீரம்மா முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் தட்டு. இடது கையில் தேக்கரண்டி. சோறு பாதி மடியில் கிடந்தது. முள் எடுக்க முடியாத மீன் துண்டு முழுதாகத் தட்டில் கிடந்தது. சபாபதி நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை நாளும் உப்பையும் புளியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தாரே! பிஸ்கட்டை இடது கையால் கடிக்கலாம். இடது கையால் சோறு பிசைவதைவிடப் பட்டினியே மேல் என்று வளர்க்கப்பட்டவர் வேறு என்ன செய்வார்?

காலடி கேட்டு வீரம்மா பதறி எழ முயன்றார். தேக்கரண்டி தரையில் விழுந்தது.

சபாபதி அவரைப் பார்க்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"எந்திரிக்க வேணாம்னு சொல்லு" என்றார் அதனிடம். "மழையில கார் கழுவ முடியாதுன்னு சொல்லு. குழம்புல உப்புப் போட்டேனா இல்லயான்னு மறந்துபோச்சு, கொஞ்சம் பாத்துச் சொல்லச் சொல்லு."

பெட்டி "ம்ம்" என்றது. வீரம்மா பாதி எழுந்த நிலையில் நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். சபாபதி கை கழுவிவந்து, அவருக்குப் பின்னால் நின்றபடியே தட்டைத் தம் பக்கம் இழுத்தார். முள்ளை எடுத்து, மீனையும் மாங்காயையும் சோற்றோடு பிசைந்து, ஓர் உருண்டை உருட்டினார். உருட்டிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே மழை தகரத்தில் அறைந்தது.

வீரம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், இடது உள்ளங்கையைப் பின்னால் நீட்டினார்.

உருண்டை போனது. சற்று நேரம் தாடை மட்டும் அசைந்தது.

"உப்பு கம்மின்னு சொல்லு" என்றார் பெட்டியிடம். உள்ளங்கை மறுபடியும் பின்னால் வந்தது.