ஆத்தா எடுக்கவில்லை

இதை எழுத எனக்குப் பல வருடமாகத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எழுதிவிடலாம் என்று நினைப்பேன். சொந்தபந்தம் என்ன பேசுமோ என்று பேனாவை வைத்துவிடுவேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது புந்தோங்கில் வாடகைக்கு இருந்தோம். கோயில் கோயிலாக வேண்டி, ஒருவழியாக வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. கிளினிக்கில் முதலில் எடுத்த இரத்தச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் எல்லைப் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் லேசான காய்ச்சலோடு வந்தார். நெஞ்சிலும் முதுகிலும் செம்புள்ளிகள், உள்ளங்கை, உள்ளங்காலிலும்கூட. அரிப்பில்லை, வலியில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஆத்தா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை கட்டினேன். கவிச்சியையும் தாளிப்பையும் நிறுத்தினேன். ஆத்தா இருக்கும்போது டாக்டரிடம் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "அம்மன்னா நீர் கோத்துக் கொப்பளிக்கும்லா. இது வெறும் புள்ளியா இருக்கே."

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வருவாக்கா."

"ஆமாமா, ஒன் வூட்டுக்காரருக்குத் தனி டிசைன் போட்டு வந்துருக்கா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில் புள்ளிகள் தாமாக மறைந்தன. அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலில் கூழும் ஊற்றினேன். மறைந்ததே, அதுதான் எங்களை ஏமாற்றியது.

அப்புறம் எனக்கு வந்தது. வாய்க்குள் வெண்திட்டு. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. கடைசியில் உள்ளங்கையில் அதே புள்ளி. ஆத்தாவை உடம்பில் வைத்துக்கொண்டு வாசல் தாண்டக் கூடாது என்று கிளினிக்குக்குப் போகாமல் இருந்தேன். வேப்பிலைமேல் படுத்து, வயிற்றைத் தடவி, "ஒன்னையும் பாக்க வந்துருக்கா பாரு" என்று பிள்ளையிடம் சொல்வேன். அசைவு குறைந்துகொண்டே வந்தது.

நான் வராததைப் பார்த்து கிளினிக் நர்ஸ், அந்த மலாய்க்கார மிஸ்ஸி, வீட்டுக்கே வந்துவிட்டார். வேப்பிலையைக் கண்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். என் கையைத் திருப்பிப் பார்த்தவர், "புருசனுக்கும் இப்படி வந்துச்சா?" என்று மலாயில் கேட்டார்.

"வந்துச்சு. எங்க சாமி" என்றேன்.

"சாமியப் பத்தி எனக்குத் தெரியாது தங்கச்சி. இப்பவே என்னோட வா."

சிபிலிஸ் என்றார்கள். ஊரில் மேகநோய் என்பார்களே, அது. வீட்டுக்காரரை வரவழைத்து, புள்ளிக்கு முன்னால் புண் ஏதும் வந்ததா என்று டாக்டர் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

"கீழ ஒரு புண்ணு இருந்துச்சு டாக்டர். வலிக்கல, தானா ஆறிருச்சு. அதான் விட்டுட்டேன்லா."

ஆறினாலும் நோய் போகவில்லை, மருந்து போடாவிட்டால் சத்தமில்லாமல் கண், மூளை, இதயம் என்று போகும் என்றார் டாக்டர். இருவருக்கும் அன்றே ஊசி. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளைக்கு இல்லை. ஸ்கேனில் துடிப்பு நின்றிருந்தது.

பெண் பிள்ளை. துணியை விலக்கி அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

"கூழ் ஊத்துனதுல இவ எதோ கொற வச்சிட்டா, ஆத்தா புள்ளைய எடுத்துக்கிட்டா" என்று சுங்கை சிப்புட் சொந்தக்காரர்கள் வரை பேசினார்கள். நோயைச் சொல்ல வெட்கப்பட்டு, அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டோம். இன்றும் ஆத்தா சந்நிதியில் நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது.

எழுதப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் பேரப் போடாத. நோவு பேரப் போடு" என்றார்.

போட்டுவிட்டேன். யாரிடமாவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வலிக்காத புண்ணை, உள்ளங்கைப் புள்ளியை, எல்லாம் தானாக மறைந்ததை. என் பிள்ளையை ஆத்தா எடுக்கவில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.